ஏணியடித் தண்ணீர்

மே 16, சனி

வந்து சேர்ந்தேன். பழைய வேலை முடிந்தது, புது வேலை ஜூனில்தான். அதுவரை டென்னசியில் அக்கா வீடு. ஜெமிமா அக்காவும் ஆசீர் அத்தானும் மார்ச்சில் இந்த ஏரிக்கரை வீட்டுக்குக் குடிவந்தார்கள். தெரியாத ஏரியில் முதல் நாள் தூண்டில் போடக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். இது என் முறை. பார்த்தேன்.

மலைகளுக்கு நடுவே அணை கட்டித் தேக்கிய தண்ணீர். கரையை விட்டு நகர்ந்ததுமே தரை சரிந்துவிடுகிறது. தூண் நட முடியாது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே மிதக்கும் துறை ஒன்று: பிளாஸ்டிக் மிதவை, அதன்மேல் இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை. எஃகு வடம் போட்டுக் கரையோடு கட்டியிருக்கிறார்கள். இங்கே டாக் என்கிறார்கள். ஆள் நடந்தால் டாக் அசைகிறது. அந்த மிதவை நிழலில்தான் பாஸ் மீன் நிற்கும். நம் ஊர்க் கொடுவா மாதிரி பெரிய வாய், பதுங்கி நின்று அடிக்கும் குணம்.

அத்தான் டாக்கில் இரும்பு ஏணி ஒன்று தண்ணீருக்குள் இறங்குகிறது. ஏணியடியில் பாறைத் திட்டு, நெஞ்சளவுத் தண்ணீர். திட்டைத் தாண்டினால் ஆழம். படகில் இருக்கும் ஆழமானி அறுபது அடி என்றது.

எனக்கு நீச்சல் தெரியாது. குடும்பத்துக்கே தெரிந்த விஷயம்.

"மாப்ள, மீனுக்கு நீச்சல் தெரியும், ஒனக்குத் தெரியாது. இதுல யாரு யாரப் பிடிக்கப் போறா?" என்றார் அத்தான்.

பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்த்தேன். கறுப்பாக இருந்தது. நடுவில் போய் நின்றுகொண்டேன்.


மே 17, ஞாயிறு

அவர்கள் சபைக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை.

ரப்பர் புழுவைத் தண்ணீர்மேல் தவ்வவிட்டு மிதவைக்கு அடியில் அனுப்ப வேண்டும். தட்டைக் கல் எறிவது போல. எங்கள் டாக்கிலேயே ஐந்து மீன். ஒன்று முழங்கை நீளம், தங்கூஸ் நரம்பை அறுத்துக்கொண்டு போயிருக்கும், எப்படியோ பிடித்தேன். ஏணிப் பக்கம் மண்டியிட்டு எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டேன். பிடித்து விடுவதுதான் விளையாட்டு. அக்காவுக்கு இது புரிவதில்லை. "குழம்புக்கு ஆகாத மீன எதுக்குலே வெயில்ல நின்னு பிடிக்க?"

சாப்பிடும்போது சொன்னாள். முப்பத்தொன்றாம் தேதி இங்கேயே, இந்த ஏணியடியில், அவளுக்கு முழுக்கு ஞானஸ்நானம். பாஸ்டரும் சபையாரும் வருகிறார்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே பாளையங்கோட்டையில் தெளித்தாகிவிட்டதே, இரண்டாம் தரம் எதற்கு என்று கேட்டேன்.

"அது அம்மா எடுத்த முடிவு. இது நான் எடுத்தது."

"அம்மாட்ட சொல்லிட்டியா?"

"நீ உன் சோத்தத் தின்னு."


மே 19, செவ்வாய்

அத்தான் பச்சை விளக்கு வாங்கி வந்தார். தண்ணீருக்குள் தொங்கவிடுவது. வெளிச்சத்துக்குப் பூச்சி, பூச்சிக்குக் குஞ்சு மீன், குஞ்சுக்கு பாஸ். ஞானஸ்நானத்தன்றும் எரியவிடலாம், போட்டோவில் அழகாக இருக்கும் என்று அவருக்கு ஆசை.

நான்தான் மாட்டினேன். ஒயரை ஏணியோடு சேர்த்து இறக்கி, ஏணி ஓரப் பலகையில் இரும்புக் கொக்கிகள் அடித்து இறுக்கினேன். பிளக்கைச் சொருகியதும் டாக்கிலிருந்த டிரிப் ஸ்விட்ச் விழுந்தது. கரண்ட் எங்காவது கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கிற சாமான் அது. தண்ணீர்ப் பக்கம் கட்டாயம் வேண்டும். மறுபடி போட்டேன், மறுபடி விழுந்தது. மதியம் முழுக்க இதே. பழைய ஸ்விட்ச், வெளியே துரு, உள்ளே ஈரம் குடித்திருக்கும். பொறுமை போய்விட்டது. கழற்றிவிட்டு கராஜில் கிடந்த சாதாரண சாக்கெட்டை மாட்டினேன். விளக்கு எரிந்தது.

"ஆபத்து ஒண்ணும் இல்லேல்லா?" என்றார் அத்தான்.

"அத்தான், நான் இதத்தான் படிச்சேன்."

"கிளாஸ்ல படிச்சியா, கேன்டீன்ல படிச்சியா?"

புது டிரிப் ஸ்விட்ச் வாங்க வேண்டும். அவசரமில்லை.


மே 20, புதன்

விளக்கு பிரமாதம். மீன் இல்லை.


மே 21, வியாழன்

எங்கள் டாக்கில் இன்றும் ஒன்றுகூட இல்லை. காலையிலிருந்து புழு, கரண்டித் தகடு, தவளை பொம்மை எல்லாம் போட்டாயிற்று. வெளிச்சத்துக்குக் குஞ்சுகள்கூட வரவில்லை. மிதவைக்கு அடியில் காலி வீடு.

படகை எடுத்துக்கொண்டு பக்கத்து டாக்குகளுக்குப் போனேன். லைஃப் ஜாக்கெட்டை இறுக்கியதில் மூச்சு முட்டியது. பக்கத்து வீட்டு ஹாலிஸ் கிழவர் டாக்கில் மூன்று, அடுத்ததில் இரண்டு. ஒரே ஏரி, ஒரே ஆழம், ஒரே வெயில். காரணம் எழுத வேண்டுமென்றால் காற்றழுத்தம் என்று எழுதலாம். மீன்காரர்கள் காரணம் தெரியாதபோது அதைத்தான் சொல்வார்கள்.

ஹாலிஸின் நாய் பெயர் பீனட். கிழவர் பந்தை எறிய எறிய தண்ணீரில் குதித்து எடுத்து வருகிறது. எனக்கு அதைப் பார்த்தாலே கால் கூசுகிறது. அதற்குப் பயமே இல்லை.


மே 23, சனி

ஒரு விஷயம் நடந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அதிசயமாக எங்கள் டாக்கின் வெளி ஓரத்தில் ஒரு சின்ன பாஸ் கடித்தது. விடுவதற்காக ஏணிப் பக்கம் மண்டியிட்டு இடது கையை மணிக்கட்டு வரை தண்ணீரில் விட்டேன். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை எறும்பு ஊர்வது மாதிரி. அப்புறம் ஒரு இழுப்பு, உள்ளிருந்து யாரோ நரம்பைச் சுண்டுவது போல. மீனைப் போட்டுவிட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இடது கை.

அப்பாவுக்கும் இடது கையில்தான் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கை மரத்துப்போச்சு என்று சொல்லிக்கொண்டே குளிக்கப் போனார். கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தொன்று. எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை.

ராத்திரி நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன். வேகமாகத்தான் இருக்கிறது. பயந்தாலும் வேகமாகத்தான் இருக்கும். இதில் எது எதனால் என்று எப்படிப் பிரிப்பது?


மே 24, ஞாயிறு

இன்றும். அதே இடம், அதே கை.


மே 26, செவ்வாய்

அக்கா வெள்ளை அங்கி தைக்கத் துணி எடுத்து வந்தாள். நான் புல் வெட்டினேன். நாற்காலி வாடகைக்குச் சொல்லியாயிற்று. பிரியாணிக்கு யாரிடம் பெரிய அண்டா இருக்கிறது என்று நாலு பேரிடம் போனில் விசாரணை.

மாலையில் பீனட். கிழவர் எறிந்த பந்து காற்றில் எங்கள் பக்கம் வந்து ஏணி ஓரமாக மிதந்தது. நாய் நீந்தி வந்தது. ஏணியை நெருங்கியதும் ஒரு சத்தம் போட்டது. நாய் போடுகிற சத்தமாக இல்லை. நாலு காலும் விறைத்துப் பக்கவாட்டில் சாய்ந்தது, மூக்கு தண்ணீருக்குள் போய்விட்டது. கிழவர் சட்டையோடு குதிக்கப் போனார். அத்தான்தான் நீளக் கம்பு வலையை நீட்டிக் கழுத்துப் பட்டையில் மாட்டி இழுத்துக் கரை சேர்த்தார். கொஞ்ச நேரம் கிடந்தது. எழுந்து தள்ளாடி வீட்டுக்கு ஓடியது.

கிழவர் அத்தானைக் கட்டிக்கொண்டார். "வயசாகிவிட்டது, அவனுக்கும் எனக்கும்" என்றார்.

ஆமாம். வயசான நாய்.

நான் டாக்கின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். உதவிக்கு ஒரு அடிகூட எடுத்துவைக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.


மே 28, வியாழன்

பீனட் தண்ணீர்ப் பக்கமே வருவதில்லை. பந்தை எறிந்தால் கரையில் நின்று ஏரியைப் பார்த்து உறுமுகிறது.

நானும் மீன் பிடிக்கவில்லை. அக்கா அங்கிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எலே, என்ன ஆச்சு ஒனக்கு? மூணு நாளா மொகமே சரியில்ல."

"ஒண்ணும் இல்ல."

"ஞாயித்துக்கிழம கீழ வந்து நிப்பியா?"

"பாட்டு, ஜெபம் எல்லாம் எனக்குச் சரிப்பட்டு வராதுன்னு ஒனக்குத் தெரியும்லா."

"பாட வேண்டாம். சும்மா நில்லு. அப்பாவுக்கு அப்பறம் தண்ணிச் சத்தம் கேட்டாலே எனக்கு ஒரு மாதிரிதான். பாத்ரூம் கதவ நான் தாள் போட்டதே கெடையாது, அத்தான்ட்ட கேட்டுப் பாரு. ஞாயித்துக்கிழம தலைய முக்கி எந்திரிச்சுட்டா அது போயிரும்னு தோணுது. நீ மேல நின்னா எனக்குத் தைரியமா இருக்கும்."

நிற்கிறேன் என்றேன்.


மே 29, வெள்ளி

படகில் ஹாலிஸ் டாக்குக்குப் போனேன். மீன் பிடித்தேன். விடும்போது இடது கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டேன். ஒன்றுமில்லை. அடுத்த டாக். ஒன்றுமில்லை. திரும்பி வந்து எங்கள் ஏணிப் பக்கம் விட்டேன். எறும்பு.

வலது கையை விட்டேன். எறும்பு.

இருதயம் டாக்குக்கு டாக் மாறாது.

நாலு நாளாக எனக்குத் தெரியும். நாய் விறைத்தபோதே தெரியும். அதைத் தெரியாமல் வைத்துக்கொள்ளப் பெரிய பாடுபட்டேன். அப்பாவின் வியாதியே மேல் என்று இருந்திருக்கிறது எனக்கு.

மல்டிமீட்டரை எடுத்தேன். ஒரு கம்பியை ஏணியில் வைத்து மறு கம்பியை ஒரு கை தள்ளித் தண்ணீரில் விட்டேன். காட்டிய எண்ணை எழுத மாட்டேன். கடலில் உப்பு இருப்பதால் கரண்ட் ஆளைச் சுற்றிப் போய்விடும். ஏரியில் உப்பு இல்லை, ஆள்தான் உப்பு. உடம்பு வழியாகவே போகும். தசை இறுகிவிடும். கத்தக்கூட முடியாது. எட்டிப் பிடிக்க ஏணி இருக்கும், கை வராது. காப்பாற்றக் குதிக்கிறவனுக்கும் அதுவே. வெளியிலிருந்து பார்த்தால் நீச்சல் தெரியாமல் மூழ்கியது மாதிரி இருக்கும்.

பிளக்கைப் பிடுங்கினேன். மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. டிரிப் ஸ்விட்ச் பழுதாக இருந்திருக்கவில்லை. அது தன் வேலையைத்தான் செய்தது.

அத்தானிடம் சொல்லலாம் என்று மேலே வந்தேன். பாஸ்டரோடு போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். "எங்க மாப்ள இருக்கான் பாஸ்டர், இஞ்சினியர், டாக்க ஜொலிக்க வச்சிட்டான்" என்றார்.

சொல்லவில்லை. பிளக்தான் பிடுங்கியாயிற்றே. நாளைக்கு ஒயரைக் கழற்றிவிடலாம்.


மே 30, சனி

மழை. வெங்காயம் உரித்தேன். பலசரக்கு வாங்கப் போன வழியில் ஹார்டுவேர் கடை. அத்தான் கூடவே இருந்தார், நான் ஸ்விட்ச் இருக்கும் வரிசைப் பக்கம் போகவில்லை. ஒயரைக் கழற்ற டாக்குக்குப் போனேன். பலகையெல்லாம் ஈரம். ஏணியிடம் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். கரண்ட் இல்லை என்று மூளைக்குத் தெரிகிறது. கைக்குத் தெரியவில்லை.


மே 31, ஞாயிறு

மேகம் மூடிய காலை. இருபது பேர் வந்தார்கள். பாஸ்டர் மனுவேல் மற்ற நாட்களில் ஏதோ கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிக்கிறவர். என்னைப் பார்த்ததும், "பிரதர், லைட்டு உங்க கைவேலையாம்லா" என்று கை கொடுத்தார். எல்லோரும் கீழே இறங்கினார்கள். நான் டீ கேன் எடுக்க அடுப்படிக்கு வந்தேன்.

கேனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டாக்குக்கு அடியில் தண்ணீர் பச்சையாக இருந்தது.

பாட்டுச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. ஸ்பீக்கருக்கு பிளக் தேடப் போன இடத்தில் விளக்கின் பிளக் கீழே கிடந்திருக்கும். யாரோ நல்ல மனசோடு அதையும் சொருகியிருக்கிறார்கள். பாஸ்டர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏணிக் கைப்பிடியைப் பிடித்துத் திரும்பி நின்றார். அவருக்குப் பின்னால் வெள்ளை அங்கியில் அக்கா.

கத்தினேன். ஸ்பீக்கர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கீழே ஓடினால் நேரமாகிவிடும். கேனைப் போட்டேன், காலில் கொட்டியது, சுட்டது பிறகுதான் தெரிந்தது. கராஜுக்கு ஓடி மெயினை இழுத்தேன்.

பாட்டு நின்றது.

ஸ்பீக்கர் நின்றதால் நின்றதா, வேறு எதையாவது பார்த்து நின்றதா? கராஜில் ஜன்னல் இல்லை. வெளியே வர வேண்டும், பார்க்க வேண்டும். மெயின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் பயந்ததெல்லாம் பயமே இல்லை.

அத்தானின் குரல் மேலே ஏறி வந்தது. "மாப்ள! மெயின் விழுந்திருச்சு போல. போட்டு விடு, பாஸ்டர் எறங்காம நிக்காரு."

இறங்காமல் நிற்கிறார். நிற்கிறார்.

அத்தான் உள்ளே வந்து மெயினை நோக்கிக் கையை நீட்டினார். நான் குறுக்கே நின்றேன்.

"போடக் கூடாது."

"என்னடே ஆச்சு?"

"தண்ணியில கரண்ட் இருக்கு அத்தான்."

சிரிக்கத்தான் வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"எப்ப இருந்து?"

"லைட்டு போட்டதுல இருந்து. டிரிப் ஸ்விட்ச நான்தான் கழத்துனேன்."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கெழம."

அத்தான் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "காலையில அந்த பிளக்கச் சொருகுனது நான்டே. இந்தக் கையாலயே அவள..." முடிக்கவில்லை. என் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். விட்டார். "வா. எல்லாருக்கும் முன்னால சொல்லு."

சொன்னேன். இருபது பேருக்கு முன்னால், கால் வெந்து, பேச்சுக் குழறி. பாஸ்டர் ஏணியிலிருந்து கையை மெதுவாக எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஒரு அம்மா "ஸ்தோத்திரம்" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஒயரை வெட்டி இழுத்து வெளியே போட்டேன். இரண்டாவது கொக்கி அடித்த இடத்தில் தோல் நசுங்கிச் செம்பு தெரிந்தது. சிவப்பாக, சின்னதாக. ஏணிமேல் அது படிந்திருந்த இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது. டாக் அசையும்போதெல்லாம் உரசியிருக்கிறது.

மீட்டரை வைத்தேன். பூஜ்யம். எல்லோருக்கும் காட்டினேன்.

"அப்ப எறங்கலாமா பிரதர்?" என்றார் பாஸ்டர்.

"எறங்கலாம்."

"இல்ல," என்றார் அத்தான். "இவன் மொதல்ல எறங்கட்டும்."

"அத்தான், எனக்கு நீச்சல்..."

"நெஞ்சளவுதான். அன்னைக்கும் நீ இப்பிடித்தான் சொன்ன, இதத்தான் படிச்சேன்னு. மெஷினு சொல்லுதது எனக்கு வேண்டாம். எறங்கு."

அக்காவைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

ஏணியில் திரும்பி நின்று கைப்பிடியைப் பிடித்தேன். இரும்பு சில்லென்றிருந்தது. கணுக்கால். முழங்கால். மீட்டர் பொய் சொல்லாது என்று எனக்குத் தெரியும். அக்கம்பக்கத்து டாக்கில் எவனாவது என்னைப் போல ஒருவன் இருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது, அதற்கும் சேர்த்துத்தான் அளந்தேன் என்று எனக்கு நானே சொன்னேன். இடுப்பு. நெஞ்சு. கால் பாறையைத் தொட்டது. பாசி வழுக்கியது. எனக்குப் பின்னால் அறுபது அடி. கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் தண்ணீருக்குள் விரித்தேன்.

எறும்பு வரவில்லை.

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், பல் அடித்துக்கொண்டதில் வார்த்தை வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

பாஸ்டருக்கு முன்னால் அக்கா இறங்கினாள். அங்கி தண்ணீரில் குடை மாதிரி விரிந்தது. என் பக்கத்தில் வந்து நின்று இடது மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இந்தக் கையத்தான ஒரு வாரமா அமுக்கிக்கிட்டு இருந்த? அப்பா மாதிரின்னு நெனச்சியோ?"

"ம்."

"எங்கிட்ட சொல்லலாம்லா, எரும."

பாஸ்டர் இறங்கி வந்தார். ஸ்பீக்கர் இல்லாமல் கரையிலிருந்து பாடினார்கள். வெறும் குரலில் சத்தம் குறைவு, தண்ணீர் அலம்புவது நன்றாகக் கேட்டது. பாஸ்டர் அவள் தலையைத் தாங்கிப் பின்னால் சாய்த்தார். தண்ணீர் அவள் முகத்தை மூடியது. அவள் என் மணிக்கட்டை விடவில்லை. அவள் விரல் இறுகியபோது என் உயிர் நின்றது. பிறகு எழுந்தாள், மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டு.

பிரியாணி சாப்பிட்டார்கள். அத்தான் எல்லோருக்கும் பரிமாறினார். என் தட்டில் அக்காதான் வைத்தாள்.


ஜூன் 3, புதன்

அத்தான் உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்தார். புது டிரிப் ஸ்விட்ச், புது ஒயரிங். என்னைப் பக்கத்தில் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னிடம் பேசவும் இல்லை. ஹாலிஸ் வீட்டுக்கு நானே போய் பீனட் விஷயத்தைச் சொன்னேன். கிழவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.

அக்கா நேற்று பாத்ரூம் கதவைத் தாள் போட்டாள். சத்தம் எனக்குக் கேட்டது.

நாளைக் காலை கிளம்புகிறேன். இன்று தூண்டிலை எடுத்துக்கொண்டு டாக்குக்குப் போனேன். மூன்றாவது வீச்சில் மிதவைக்கு அடியில் ஒன்று கடித்தது. பாஸ்தான், உள்ளங்கை நீளம். ஏணிப் பக்கம் மண்டியிட்டு, வாயைப் பிடித்துத் தண்ணீரில் ஆட்டினேன். வால் அடித்துப் போய்விட்டது. கையை எடுக்காமல் உள்ளேயே வைத்திருந்தேன். குளிர்ந்தது. அவ்வளவுதான்.

மேலே அத்தான் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள?"

"ஒண்ணும் இல்ல அத்தான்."

இறங்கி வந்தார். பக்கத்தில் மண்டியிட்டு, சட்டைக் கையைச் சுருட்டி, தன் கையையும் உள்ளே விட்டுப் பார்த்தார்.